கணக்கப்பிள்ளையின் கூடையை நிறுப்பது யார்?

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 28 வயது. ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறேன். நகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு மூன்று வருடமாக நான்தான் தலைவர். ஆணும் பெண்ணுமாக 20 பேர் இருக்கிறோம். போதகர் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்த பிறகு ‘பரிசுத்த உடன்படிக்கை’ என்று ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். சனிக்கிழமை தோறும் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, பார்வை, தொடுகை, கைத்தொலைபேசி என்று ஆறு கேள்விகள் கேட்பது என் பொறுப்பு. பதில்களை அந்தத் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொள்வேன்.

கடந்த பங்குனியில் 22 வயதுச் சகோதரி ஒருவர், தனக்குக் கல்யாணம் பேசி முடித்த பையனோடு எல்லை மீறிவிட்டதாக அழுதுகொண்டே சொன்னார். நான் அதை ஜெபக்குழுவில் உள்ள நான்கு பேரிடம் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் அவருடைய அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்து அதைக் கேள்விப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தச் சகோதரி சபைக்கு வருவதில்லை. பையன் வீட்டாரும் பின்வாங்குகிறார்கள் என்று கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு வருடமாக நான் இரவில் கைத்தொலைபேசியில் ஆபாசக் காணொளிகளைப் பார்க்கிறேன். உபவாசம் இருந்தும் விட முடியவில்லை. என்னிடம் யாரும் அந்த ஆறு கேள்விகளைக் கேட்டதில்லை. இப்போது போதகர் எல்லோருடைய தொலைபேசியிலும் ஒரு கண்காணிப்புச் செயலியைப் போட்டு, அறிக்கைகள் எனக்கு வரும்படி செய்யப் போகிறார். இது நோயா, பாவமா? சபைக்கு முன்பாக அறிக்கையிட வேண்டுமா? பொறுப்பிலிருந்து விலகவா?

பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் ஐந்து பக்கம். இடமில்லாததால் மேலே சுருக்கியிருக்கிறேன். ஊரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஐந்து பக்கத்தில் உங்களைப் பற்றி நான்கரைப் பக்கம். அந்தப் பெண்ணைப் பற்றி பதினோரு வரி. நான் அந்தப் பதினோரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘பெயரைச் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே தோட்டம், 20 பேர் கொண்ட ஐக்கியம், அதில் கல்யாணம் பேசி முடித்த பெண் எத்தனை பேர்? நீங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டது அவரைக் காப்பாற்றவில்லை. உங்கள் மனச்சாட்சியைத்தான் கொஞ்ச நாள் காப்பாற்றியது. ஜெபக்குறிப்பு என்ற சொல் நம் சபைகளில் எத்தனை பேருடைய மானத்தை வாங்கியிருக்கிறது என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ‘ஜெபிப்பதற்காகச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்துவிட்டால் புறணியும் பக்தியாகிவிடுகிறது. கேட்பவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

லயம் என்ற வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாம். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் எவ்வளவு கனம் என்பது நமக்குத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் அப்பா இருமினால் கோடிக்காம்பராவில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஒரு பெண், உடம்பைப் பற்றிய ஒரு விஷயத்தை வாய்திறந்து சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அவர் வாழ்க்கையில் கதவு சாத்திய ஓர் அறை என்று இருந்தது நீங்கள் கேள்வி கேட்ட அந்த அறை மட்டுமாக இருக்கலாம். அதன் கதவு பீலிக்கரைப் பக்கமாகத் திறந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை இது. அவர் வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். அதுவே இன்னொரு கதையாகும். வாட்ஸ்அப்பில் மன்னிப்பு எழுதாதீர்கள். அதுவும் கை மாறும். அவர் நம்புகிற, வயதில் மூத்த ஓர் அக்கா இருப்பார். போதகரின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் மூலமாகக் கேட்டனுப்புங்கள்: ஐந்து நிமிடம் சந்திக்க விருப்பமா என்று. விருப்பமில்லை என்றால் அதோடு நின்றுவிடுங்கள். சந்தித்தால், ‘நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே சொன்னேன். அது என் தவறு’ என்பதோடு முடியுங்கள். ‘ஜெபத்துக்காகத்தான்’ என்ற சொல் வாயில் வரக் கூடாது. மன்னிக்கும்படி கேட்டு அவர் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்தாதீர்கள். சபைக்குத் திரும்பி வரும்படியும் கேட்காதீர்கள். பையன் வீட்டாரிடம் பேச வேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்; கேட்காமல் தூது போனால் இரண்டாம் முறையும் அதே தவறுதான்.

பிறகு அந்த நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்து, நடந்தது உங்கள் பிழை என்றும், இனி அந்தப் பேச்சு யார் வாயிலும் வரக் கூடாது என்றும் சொல்லுங்கள். அந்தப் பெண் சாப்பிடாமல், தூங்காமல், யாருடனும் பேசாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டால் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 என்பதை அந்த அக்காவிடம் கொடுத்து வையுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனும் எங்கோ ஒரு சபையில் உட்கார்ந்திருப்பவன்தானே? அவனிடம் யாராவது ஆறு கேள்வி கேட்டார்களா? அவன் பெயர் எந்தப் பீலிக்கரையில் அடிபடுகிறது? பரிசுத்தம் என்று நாம் பேசுவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் பாவாடையைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு இச்சையோடு பார்க்கிற ‘எவனும்’ என்று சொல்லி ஆண்களின் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். பெண்கள் வரிசையாகக் கூடையோடு நிற்பார்கள். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை புத்தகத்தோடு நிற்பார். ஒவ்வொரு கூடையாக நிறுத்து, தண்ணீருக்கென்று இரண்டு கிலோ கழித்து எழுதுவார். அவர் முதுகில் கூடை இருக்காது. அவர் என்ன பறித்தார் என்று கேட்பவர் இல்லை. உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தை வாசித்தபோது எனக்கு மடுவம்தான் ஞாபகம் வந்தது. 19 பேர் கூடையை இறக்குகிறார்கள், நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். தாளின் பின்புறத்தில் குறித்துக்கொள்வேன் என்று வேறு சொல்கிறீர்கள்! நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணப்பட்ட சனம் நாம். சபையிலும் அதே புத்தகம்தானா?

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் 16ஆம் வசனம் உங்கள் உடன்படிக்கைத் தாளின் தலைப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்.’ அதில் ‘தலைவருக்கு’ என்று இல்லை. ‘ஒருவருக்கொருவர்’ என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எஞ்சுவது விசாரணை.

இதே வசனத்தின்மேல் குழு அமைத்தவர்கள் முன்பும் உண்டு. 1738 டிசம்பர் 25ஆம் திகதி ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி தன் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். மெதடிஸ்த சபையின் வேர்களில் ஒன்று அது; அந்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தது 1814இல். விதிகளைப் படித்தால் கடுமையாகத்தான் இருக்கும்: வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும், கடந்த கூட்டத்துக்குப் பின் தெரிந்தே செய்த பாவம் என்ன என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயத்தை நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். சேருமுன்பே, உன் குற்றங்களை உனக்கு எடுத்துச் சொல்வதை நீ விரும்புகிறாயா என்று கேட்டார்கள். விரும்பி வந்தவர்தான் உள்ளே. உள்ளே வந்த பிறகு, ஒருவர் முதலில் தன் நிலையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கேட்கலாம் என்பது விதி. ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுவாகவே கூடினார்கள். 28 வயது ஆண் ஒருவர் 22 வயதுப் பெண்ணைத் தனியறையில் அழைத்துத் தொடுகையைப் பற்றிக் கேட்கும் ஏற்பாட்டைப் பார்த்தால் வெஸ்லிக்கே வியர்த்திருக்கும்.

கத்தோலிக்கரின் வழி வேறு. அங்கே அறிக்கை ஒருபக்கம்தான். ஆனால் கேட்ட குருவானவரின் வாய்க்குப் பூட்டு உண்டு. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அந்த இரகசியத்தை உடைக்கும் குருவைப் பதவியிலிருந்து இறக்கி, மடமொன்றில் வாழ்நாள் முழுவதும் தவமிருக்க அனுப்பச் சொன்னது. உங்கள் ஏற்பாட்டில் வெஸ்லியின் பரஸ்பரமும் இல்லை, கத்தோலிக்கரின் பூட்டும் இல்லை.

கேட்கிறவன் முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. எனக்கு 24 வயதில், வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருந்தபோது, என் சிநேகிதன் என்னிடம் சொன்ன ஒன்றை மூப்பர் ஒருவரிடம் ‘ஆலோசனை கேட்பதற்காக’ச் சொன்னேன். மூன்றாம் ஞாயிறு அது பிரசங்கத்தில் உதாரணமாக வந்தது. பெயர் இல்லாமல்தான் வந்தது. பல வருடம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். தோளில் பிள்ளையின் பாடசாலைப் பை. என்னைப் பார்த்தான், பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அப்படியே வேறு பஸ்ஸில் ஏறிவிட்டான். அது அவன் போகும் பஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நோயா, பாவமா என்று கேட்டீர்கள். பாவம் எது என்று சொல்வது என் தொழில் இல்லை. அதை உங்கள் வேதமும் மனச்சாட்சியும் ஏற்கெனவே சொல்லிவிட்டன, அதில் நான் குறுக்கே வரவில்லை. நோயா என்பதற்குப் பதில் சொல்லலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டில் ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ அடக்க முடியாமல் தொடர்ந்து, வேலையை, குடும்பத்தை, உடல்நலத்தைப் பாதித்தால்தான் அந்தப் பெயர். ஒருவருக்கு வரும் வேதனை முழுவதும் ‘இது தப்பு’ என்ற எண்ணத்திலிருந்து மட்டும் வருகிறது என்றால் அதை வைத்து நோய் என்று சொல்லக் கூடாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் கடிதத்தின்படி வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்கள், கணக்குப் பிசகவில்லை, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பார்க்கிறீர்கள். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனாலும் நோயாளி என்ற பட்டத்தை நீங்களே எடுத்து மாட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். வேலையைத் தவறவிடுகிறீர்கள், கடன் வாங்கி டேட்டா போடுகிறீர்கள், மேலும் மேலும் கொடூரமானதைத் தேடுகிறீர்கள் என்றால் வைத்தியரைப் பாருங்கள்.

ஞாயிறு அழுது, திங்கள் உபவாசம் இருந்து, புதன் விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். விழும் இரவுகளில் பெரும்பாலும் கடைக் கணக்கை முடித்து, பதினொரு மணிக்குமேல், பசியோடும் களைப்போடும் இருந்திருக்கிறீர்கள். பிசாசு அவ்வளவு நேரம் பார்த்து வருகிறானா, அல்லது உடம்பு ஆறுதல் தேடுகிறதா? வெட்கம் இதில் மருந்து இல்லை, எரிபொருள். வெட்கப்பட்டவன் ஒளிவான், ஒளிந்த இடத்தில் தொலைபேசி இருக்கும்.

ஒரு காம்பராவில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ‘தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள்’ என்று புத்தகத்து ஆலோசனை சொல்ல முடியாது. வேறு அறை எங்கே இருக்கிறது? நீங்கள் செய்யக்கூடியது: சார்ஜரைப் படுக்கைப் பக்கத்திலிருந்து எடுத்து இஸ்தோப்புக் கதவோரத்துச் சுவிச்சுக்கு மாற்றுங்கள். ஒன்பது மணிக்கு அம்மாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கண் வலிக்கிறது என்றால் போதும், அது பொய்யும் ஆகாது. காலையில் எழும்ப ஒரு சாதாரண மணிக்கூடு வாங்குங்கள். கடைக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விழுந்த இரவில் என்ன நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கே ஒரு படம் தெரியும். அதைத்தான் ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டும்.

சபைக்கு முன்பாக அறிக்கையிட வேண்டுமா? வேண்டாம். தாவீது ராஜாவின் பாவத்தைச் சுட்டிக்காட்ட நாத்தான் தீர்க்கதரிசி போனபோது ஊரைக் கூட்டவில்லை. ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். தவறு செய்த சகோதரனைத் திருத்த மத்தேயு 18இல் சொன்ன முதல் படி ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’. சபைக்குச் சொல்வது, இரண்டு படியிலும் செவிகொடாதவனுக்கு. நீங்கள் செவிகொடுத்துத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மேடையில் நின்று சொன்னால் அன்றைக்கு மனம் இலேசாகும், எல்லோரும் அழுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். மறுநாள் காலையில் பஸ்ஸில் அதே 19 பேருடைய தங்கைமார் உங்களைப் பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டியவர் நீங்கள். அது அவர்களுக்கும் சுமை.

ஒருவரோ இருவரோ போதும். ஆண்கள். உங்களுக்கு மேலும் கீழும் இல்லாதவர்கள். உங்கள் சபையாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. அவர்களும் தங்கள் கூடையை இறக்க வேண்டும். எழுதி வைக்கக் கூடாது. ‘எத்தனை தரம்?’ என்ற கேள்வியோடு நிறுத்தாமல், ‘அந்த வாரம் எப்படி இருந்தது?’ என்று கேட்பவராக இருக்க வேண்டும். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் ‘சாந்தமுள்ள ஆவியோடே’ சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று சொன்ன கையோடு பவுல், ‘நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு’ என்றும் சேர்த்திருக்கிறார். வீட்டில் உங்களுக்குப் பெண் பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பேச்சு உறுதியாகுமுன், உங்களுக்குப் பேசும் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய பெற்றோரிடம் வேண்டாம்.

செயலி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஒப்புக்கொள்ளாதீர்கள். 2022 செப்டம்பரில் இந்த வகையில் பிரபலமான இரண்டு செயலிகளைக் கூகுள் தன் தளத்திலிருந்து நீக்கியது. பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கென்று இருந்த அனுமதியைப் பயன்படுத்தி அவை திரையில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. திரையில் வருவது ஆபாசம் மட்டுமா? வங்கிச் செய்தி, வைத்திய அறிக்கை, தாயோடு போட்ட சண்டை எல்லாம் வரும். அவை உங்கள் கைக்கு வந்து சேரும். இன்னொன்றை யோசித்தீர்களா? 19 பேர் வழுக்கிய இடங்களின் பட்டியல் இரவு பதினொரு மணிக்கு உங்கள் தொலைபேசியில் வந்து விழும். குடியை விடப் பார்க்கிறவனைத் தவறணைக்குக் காவல் வைப்பதுபோல் இருக்கிறது இது. வயதுவந்த இரண்டு நண்பர்கள் தாங்களாக விரும்பித் தங்களுக்குள் போட்டுக்கொள்வது வேறு கதை.

எல்லாவற்றையும் இரகசியம் என்று மூடிவைக்கவும் முடியாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒன்றின்மேல் யாராவது கைவைத்ததாகத் தெரிய வந்தால் அது அறிக்கையும் இல்லை, ஜெபக்குறிப்பும் இல்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும்; செய்தவர் போதகராக இருந்தாலும் மூப்பராக இருந்தாலும். சம்மதத்துக்குரிய வயதை 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 16 ஆக உயர்த்தியது. ‘அவளும் சம்மதித்தாள்’ என்ற பேச்சு அதற்குக் கீழே எடுபடாது. இந்த எல்லையை நீங்கள் கேள்வி கேட்ட யாருக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். இனி எந்தக் குழுவிலும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

பொறுப்பிலிருந்து விலகவா என்றால், கேள்வி கேட்கும் பொறுப்பிலிருந்து மட்டும் இப்போதே விலகுங்கள். கதிரை அடுக்குவதற்கும் பாட்டுப் புத்தகம் கொடுப்பதற்கும் யாரும் உங்களைத் தடுக்கப்போவதில்லை. போதகரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது, அது உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணின் விஷயத்தில் நீங்கள் செய்ததை மட்டும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், மூன்று பேருக்கு மேற்படாமல், விரும்பினவர் மட்டும் என்று புதிதாக ஆரம்பிக்க அவர் இணங்கினால் நல்லது. இணங்காவிட்டால் நீங்களும் உங்கள் இரண்டு நண்பர்களும் உங்கள் பாட்டுக்குத் தொடங்கலாம். அதற்குச் சபைக் கடிதம் தேவையில்லை.

உடன்படிக்கைத் தாள்கள் சபை அலுமாரியில் இருப்பதாகவும், திறப்பு உங்களிடமும் போதகரிடமும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வரும் சனிக்கிழமைக்கு முன் அவருக்குச் சொல்லிவிட்டு அவற்றை வெளியே எடுங்கள். பிரதி எடுக்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு தாளையும் அதற்குரியவர் கையிலேயே கொடுங்கள். கிழிப்பதா வைத்திருப்பதா என்பது அவரவர் பாடு. அந்தப் பெண்ணின் தாளை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டாம். உறையில் போட்டு ஒட்டி, அந்த அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள்.